இதய வடிவத்துக்குள் ஷுரிக் கோட்டை

ஜப்பானின் தெற்குத் தீவுகளில் நாஹா என்றொரு நகரம் இருக்கிறது. நான் அங்கே போனதில்லை. ஆனால் எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து தொண்ணூறுகளின் முடிவுவரை, லண்டனில் எங்கள் உறவுக்குள் யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அது என் ஊர் என்று ஆகிவிட்டிருந்தது. எங்கள் குடும்பத்தில் அதை முதலில் பார்ப்பவன் நானாக இருக்கவேண்டும் என்பதைத் தவிர அந்த ஆண்டுகளில் எனக்குப் பெரிய ஆசைகள் இருந்ததாக நினைவில்லை. வேறொருவர் முந்திக்கொண்டார். அதுபற்றியதுதான் இது.

தொடக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். 1985 ஜனவரி. ரெய்னர்ஸ் லேனில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் இருந்தேன். பெற்றோல் ஸ்டேஷனில் காலை ஷிப்ட். அது முடிந்ததும் நேரே நூலகத்துக்குப் போவேன். அறையில் ஹீற்றரைப் போட மீற்றருக்குள் நாணயம் போடவேண்டும், நூலகத்தில் அது தேவையில்லை. அந்தக் குளிரில் எனக்கு நானே ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தேன். பெரிய உலகப் படநூலின் கடைசிப் பக்கங்களில் நகரங்களின் மாதாந்த வெப்பநிலை அட்டவணை இருக்கும். பனி விழாத, ஒரு தீவில் இருக்கிற, எனக்கு முன்பின் தெரியாத ஒரு நகரத்தைத் தேடவேண்டும். தெரிந்த ஊர்களை எடுக்கக்கூடாது என்பது விதி. தெரிந்த ஊர்களை நினைத்தால் அன்றைய பொழுது கெட்டுவிடும்.

அப்படி அகப்பட்டதுதான் நாஹா. ஜனவரியில்கூட ஒரு மெல்லிய சட்டையோடு நடக்கலாம். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் அதன்மேல் கண் வைத்தேன். பிறகு, எனக்குத் தேதிகள்மேல் இருக்கிற பைத்தியம் மீதியைச் செய்தது. அது ஒரு காலத்தில் ரியூக்யூ என்ற தனி அரசின் துறைமுகம். சீனத்துக்கும் தென்கிழக்காசியத் துறைகளுக்கும் கப்பல் விட்ட ஊர். மேட்டில் ஷுரி என்ற அரண்மனைக் கோட்டை. 1945இல் நடந்த போரில் கோட்டையும் ஊரும் ஒன்றுமில்லாமல் போயின. 1972வரை அமெரிக்கர் கையில் இருந்தது. 1978 ஜூலை மாத இறுதியில் ஒரே இரவில் தீவு முழுவதும் வாகனங்கள் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாறின. கண்ணில் பட்டதையெல்லாம் வாசித்தேன். நூலகத்தில் இல்லாத புத்தகங்களை வேறு நூலகங்களிலிருந்து வரவழைத்துத் தருவார்கள். அதற்கான சீட்டை நிரப்புவதில் எனக்கு நல்ல பழக்கம் வந்துவிட்டது. பத்திரிகைத் துண்டுகளை ஒரு பிஸ்கட் தகர ரின்னில் சேர்த்தேன்.

1987இல் மனைவி வந்து சேர்ந்தபோது அந்த ரின்னைத் திறந்து பார்த்து, "இதுக்குள்ளை பிஸ்கட் இல்லையே?" என்று கேட்டாள். இல்லை என்றேன். நாஹாவைப் பற்றி அவளுக்கு முதலில் சொன்னது அன்றைக்குத்தான். முழுவதையும் கேட்டுவிட்டு, "சரி, பாஸ்போட் வந்தவுடனை முதல் பயணம் அங்கை" என்றாள். விளையாட்டாகச் சொன்னாளோ தெரியாது. நான் அதை ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டேன்.

பாஸ்போட் அப்போது வெகுதூரத்தில் இருந்தது. என்னிடம் இருந்தது உள்துறை அமைச்சு அகதிகளுக்குத் தந்த பயணப் பத்திரம். அதைக் காட்டினால் எந்தத் தூதரகத்திலும் அதிகாரி முதலில் அதை ஒருமுறை புரட்டிப் பார்ப்பார். பிறகு நம்மைப் புரட்டிப் பார்ப்பார். ஆனாலும் 1989இல் ஒரு நாள் நகர மத்தியில் இருந்த ஜப்பானியச் சுற்றுலா அலுவலகத்துக்குப் போனேன். துண்டுப்பிரசுரங்களுக்குப் பாஸ்போட் தேவையில்லை.

எனக்கு முன்னால் ஓர் ஆங்கிலத் தம்பதி. அந்தப் பெண்மணி கவுண்டரில் நின்றவரிடம், நாஹாவில் ஒரு நாள் தங்குவது வீணில்லையா, நேரே கடற்கரைத் தீவுகளுக்குப் போய்விடலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். கணவர் கொட்டாவி விட்டார். நாஹாவை வேண்டாம் என்று சொல்லும் வசதி! போக முடிந்தவர்கள்மேல் எனக்குப் பொறாமை இருந்தது உண்மைதான். அன்று, போகாமல் விட முடிந்தவர்கள்மேல் அதைவிட அதிகமாக வந்தது. என் முறை வந்தது. எப்போது பயணம் என்று அந்த ஜப்பானியப் பெண் கேட்டார். இன்னும் முடிவுசெய்யவில்லை என்றேன். அவர் இரண்டு கையாலும் பிரசுரத்தை நீட்டினார். நானும் இரண்டு கையாலும் வாங்கினேன்.

இனிச் சகலன். மனைவியின் தங்கையை மணந்தவர், என்னைவிட நாலு வயது இளையவர். எழுபதுகளில் படிக்க வந்து, இங்கேயே எஞ்சினியராகி, எண்பத்து மூன்று கலவரத்துக்கு முன்பே பிரித்தானியப் பாஸ்போட் எடுத்துவிட்டவர். நோர்பரியில் வீடு. தண்ணீர்ப் பம்பு செய்யும் ஒரு கொம்பனியில் வேலை. நல்ல மனிதர். அவரிடம் குறை கண்டுபிடிக்க நான் பல ஆண்டுகள் முயன்றிருக்கிறேன். உணவு மேசையில் சத்தமாக எலும்பு கடிப்பார் என்பதைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை.

1993 ஆகஸ்டில் அவர் தொலைபேசி எடுத்தார்.

"அண்ணை, நீங்கள் யப்பானிலை ஒரு ஊரைப் பற்றி எப்பவும் கதைப்பியளே, அதின்ரை பேர் என்ன?"

"ஏன் கேக்கிறீர்?"

"கொம்பனி என்னை ஏதோ ஒரு தீவுக்கு அனுப்பப்போகுதாம். ரெண்டு கிழமை. கடிதத்திலை நாஹா எண்டு கிடக்கு. உங்கடை ஊர்தானோ எண்டு பாத்தன்."

"ஓம்" என்றேன்.

"நல்லதாப் போச்சு. எனக்கு அங்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃப்ரீ. என்ன பாக்கிறது எண்டு நீங்கள்தான் சொல்லவேணும்."

தொலைபேசியை வைத்தபோது மனைவி அடுப்படியிலிருந்து கேட்டாள், யார் என்று.

"உம்மடை தங்கச்சியின்ரை மனுசன். நாஹா போறாராம்."

"நல்லதுதானே" என்றாள். பிறகு எட்டி என் முகத்தைப் பார்த்தாள். "ஐயோ. இனி ஒரு மாசத்துக்கு இந்த வீட்டிலை மனிசர் இருக்கேலாது."

புறப்படுவதற்கு முந்திய ஞாயிறு சகலனும், மனைவியின் தங்கையான மச்சாளும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். நான் காலையிலேயே பிரசுரத்தையும் நகரப் படத்தையும் மேசையில் விரித்து வைத்திருந்தேன். மனைவி கறிச்சட்டியைக் கொண்டுவந்து, "இந்த ஊரைக் கொஞ்சம் அங்காலை தள்ளுங்கோ" என்றாள்.

சகலனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் ஒளிக்கவில்லை; ஒளித்தால் அவர் பார்க்காமல் வந்துவிடுவார், பிறகு அந்த ஊரைப் பற்றித் தவறாகச் சொல்வார். அது அதைவிட மோசம்.

"காலமை முதல் வேலையாக் கோட்டைக்குப் போம். போன வருஷம்தான் பெரிய மண்டபத்தைத் திரும்பக் கட்டித் திறந்தவை. முன்னுக்கு ரெண்டு டிராகன் தூண் நிக்கும். வேறை இடங்களிலை எண்டால் அதுகள் வாற ஆக்களைப் பாக்கும். இதுகள் ஒண்டையொண்டு பாத்துக்கொண்டு நிக்கும். அதைக் கவனியும்."

"பஸ் இருக்கோ அண்ணை?"

"போறதுக்குப் பஸ். வரேக்கை எடுக்காதையும். பின்பக்கத்தாலை ஒரு இறக்கம் இருக்கு, கின்ஜோ எண்டு இடத்தின்ரை பேர். சுண்ணாம்புக் கல் பாவின பழைய பாதை. யுத்தத்திலை எல்லாம் போக, மிஞ்சின துண்டு. அதாலை நடந்து இறங்கும். மற்றதெல்லாம் திருப்பிக் கட்டினது. அது மட்டும்தான் அப்பிடியே கிடக்கிறது."

"நடக்கிறதோ?"

மச்சாள் சிரித்தாள். "அத்தான், இவர் நோர்பரி ஸ்டேஷனுக்கே காரிலை போறவர். கல்லு றோட்டிலை நடப்பார் எண்டு கனவு காணாதையுங்கோ."

"எல்லாம் சரி அண்ணை" என்று சகலன் எலும்பைத் தட்டில் வைத்தார். "அங்கை சோறு கிடைக்குமோ?"

ஜப்பானில் சோறு கிடைக்குமா என்று கேட்கிற ஒருவரைத்தான் அந்தக் கொம்பனி தெரிந்தெடுத்திருந்தது. நான் கிடைக்கும் என்றேன். மேசைக்கு அடியில் மனைவி என் காலை மெதுவாக மிதித்தாள்.

அவர் போயிருந்த அந்த இரண்டு கிழமையும் நான் லண்டனில் வாழ்ந்ததாகச் சொல்ல முடியாது. பத்திரிகையின் வானிலைப் பகுதியில் நாஹா வராது. தோக்கியோவும் ஹொங்கொங்கும் வரும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றை நானாக ஊகித்துக்கொள்வேன். அவருக்குக் கிடைத்த ஞாயிற்றின் காலை, லண்டனில் சனிக்கிழமை பின்னிரவில் தொடங்கும். படுத்திருந்தபடி, இப்போது வாசலுக்கு வந்திருப்பார், இப்போது மண்டபத்துக்குள், இப்போது இறக்கம் என்று கணக்குப் பார்த்தேன். எழுந்து தேநீர் போட்டபோது, "அவர் போறதைவிட நீங்கள்தான் கூடப் பதகளிக்கிறியள்" என்று மனைவி இருட்டுக்குள்ளிருந்து சொன்னாள்.

அக்டோபர் நடுவில் திரும்பிவந்தார். அடுத்த கிழமை மச்சாளின் அழைப்பு: "அத்தான், ஞாயிற்றுக்கிழமை வாங்கோ. வீடியோ போடப்போறம்."

அந்தக் காலத்து லண்டனை அறியாதவர்களுக்கு இதை விளக்கவேண்டும். அப்போது எங்கள் ஆட்களுக்கு வெளிநாட்டுப் பயணம் என்றால் கலியாணம். பாரிஸில், சூரிக்கில், ரொறன்ரோவில் யாருக்காவது கலியாணம் நடக்கும். போனவர்கள் வீடியோ கசெற் கொண்டுவருவார்கள். போகாதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, றோலும் வடையும் சாப்பிட்டுக்கொண்டு அதைப் பார்ப்பார்கள். யார் உடம்பு வைத்துவிட்டார், யார் பழைய சேலையோடு வந்தார் என்று பேசிக்கொள்வார்கள். கலியாணம் இல்லாத ஒரு பயணத்துக்கு வீடியோ போடுவது எங்கள் வட்டத்தில் அதுவே முதல் தடவை. சகலன் கொம்பனிக் கமராவில் எடுத்த சின்னக் கசெற்றை வீட்டு டெக்கில் போட முடியாது, பெரிய கசெற்றுக்கு மாற்றவேண்டும். அதற்கு அவர் யாரிடம் கொடுத்தார் என்பதில்தான் எல்லாம் தொடங்கியது.

ரெய்னர்ஸ் லேனிலிருந்து நோர்பரி போவது லண்டனைக் குறுக்கே வெட்டுவது. விக்டோரியாவில் மாறி, தெற்கே போகும் ரயிலைப் பிடித்து, மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். வாசலில் பதினைந்து சோடிச் சப்பாத்துகள். நான் சகலனின் கறுப்புச் சப்பாத்தைத் தேடிக் கண்டுபிடித்து ஒரு கணம் நின்றேன். நாஹாவில் நடந்த சப்பாத்து. குதிகால் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது. சுண்ணாம்பாக இருக்கலாம், லண்டன் சேறாகவும் இருக்கலாம். அதன்மேல் எனக்கு வந்த உணர்வை வேறு பெயர் சொல்லி அழைக்க முடியாது. ஒரு சப்பாத்தின்மேல் பொறாமைப்பட்டேன்.

உள்ளே நாலைந்து குடும்பம். மச்சாள் ஒரு தட்டில் கறுத்த சர்க்கரைக் கட்டிகளைக் கொண்டுவந்தாள், நாஹாச் சந்தையில் வாங்கியது. ஒருவர் வாயில் போட்டுச் சப்பிப் பார்த்தார். "இது எங்கடை சக்கரைதானே! இதுக்கோ யப்பான் போனனீர்? தோர்ன்ரன் ஹீத் கடையிலை கிடக்கே!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், தேவைக்கு அதிகமாக.

முன் கதிரையில், கால்மேல் கால் போட்டு, கலியாண வீடியோக்காரர் இருந்தார். தெற்கு லண்டனில் அந்தக் காலத்தில் அவர் எடுக்காத தாலிகட்டு இல்லை. சகலன் அவரிடம்தான் கசெற்றைக் கொடுத்திருக்கிறார். வேறு யாரிடம் கொடுப்பது? எங்களுக்குத் தெரிந்த ஒரே வீடியோக்காரர் அவர்.

"சும்மா ஊரைக் காட்டினால் ஆர் பாப்பினம்?" என்று அவர் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். "கொஞ்சம் வேலை செய்திருக்கிறன். பாருங்கோவன்."

திரை கறுத்து, குத்துவிளக்கு ஒன்று எரிந்தது. நாதஸ்வரம். ‘நல்வரவு’ என்ற எழுத்துகள் நான்கு மூலையிலிருந்தும் சுழன்று வந்து நடுவில் பொருந்தின. பிறகு ரோஜா இதழ்கள் கொட்டின. இதழ்களுக்குப் பின்னால் ஓர் இதய வடிவம் விரிந்தது. அந்த இதயத்துக்குள், சிவப்பாக, எட்டு வருடம் நான் காத்திருந்த ஷுரிக் கோட்டை.

அது மங்கலாகவும் சாய்வாகவும் இருந்தது. ஆனாலும் அதுதான். இருந்த இடத்திலிருந்து முன்னால் நகர்ந்தேன். அதற்குள் நாதஸ்வரம் முடிந்து, புதுப் படப் பாட்டு ஒன்று தொடங்கிவிட்டது. ஊரின் ஒரு சத்தமும் மிச்சமில்லை. எனக்குக் கேட்கவேண்டியிருந்த காற்று, பேச்சு, அந்த ஊருக்கே உரிய மூன்று நரம்பு வாத்தியம், எல்லாவற்றுக்கும் மேலே பாட்டு ஓடியது.

"சத்தத்தை எடுத்துப்போட்டீரோ?" என்று கேட்டேன்.

"என்ன சத்தம் அண்ணை? வெறும் காத்து இரைச்சல். துடைச்சிட்டன்" என்றார் வீடியோக்காரர் பெருமையாக.

"சின்னக் கசெற்றிலை இருக்குமே?"

"அதிலை நேற்று எங்கடை சின்னவளின்ரை பிறந்தநாள் எடுத்தாச்சு அத்தான்" என்றாள் மச்சாள்.

இப்போது திரையில் இரண்டு இதயங்கள் அருகருகே வந்தன. கலியாணத்தில் ஒன்றில் மாப்பிள்ளை, மற்றதில் பொம்பிளை வரும் இடம் அது. இடது இதயத்துக்குள் தொப்பி போட்ட சகலன் சிரித்துக்கொண்டு நின்றார். வலது இதயத்துக்குள், நாஹாவின் மக்கிஷிச் சந்தை இறைச்சிக் கடையில் தொங்கவிட்டிருந்த ஒரு பன்றியின் முகம்.

"மச்சான், பொம்பிளை நல்ல வடிவு!" என்று யாரோ கத்தினார்.

"சீதனம் எவ்வளவு?" என்றார் இன்னொருவர்.

மச்சாள் சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சகலனும் சிரித்தார். வீடியோக்காரர் மட்டும், "ரெண்டாவது படத்தை மெஷின் தானா எடுக்கிறது, அதுக்கு நான் என்ன செய்யிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பாட்டு மட்டுமே கேட்டதால் சகலன்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. கதிரையிலிருந்து எழும்பித் திரைக்குப் பக்கத்தில் நின்றார். "இது ஒரு கோயில்" என்றார்.

"கோயில் இல்லை. வாசல்" என்றேன். என்னால் முடியவில்லை.

"ஓம், வாசல். இது… ஒரு சிங்கம்."

"சிங்கமும் நாயும் கலந்தது. கூரையிலை வைக்கிறவை. கெட்டது வராமல் பாக்கிறதுக்கு."

"அண்ணைக்குத்தான் எல்லாம் தெரியும்" என்றார் சகலன். அப்போதும் அவர் குரலில் கோபமில்லை. "அண்ணை, நீங்களே சொல்லுங்கோ."

எழும்பினேன். அவர் விட்ட இடத்தில் போய் நின்றேன். பிறகு அரை மணி நேரம் யாரும் என்னை நிறுத்தவில்லை. வாசல் எரிந்ததையும் கோட்டைக்கு முன்பே அது திரும்பக் கட்டப்பட்டதையும் சொன்னேன். டிராகன் தூண்கள் வந்தன. சகலன் ஒன்றை மட்டும்தான் எடுத்திருந்தார். "இதுக்கு எதிர்ப்பக்கம் மற்றது நிக்குது, இதைப் பாத்தபடி" என்றேன், அது இருக்கும் திசையில் கையை நீட்டி. தெரு முட்டுகிற இடங்களில் சுவரில் பதித்த சிறு கல்லைக் காட்டி, அந்த ஊர்ப் பேய்களுக்குத் திரும்பத் தெரியாது, நேரேதான் ஓடும், இந்தக் கல்லில் முட்டிச் சிதறும் என்றேன். பெண்கள் அதை நன்றாக ரசித்தார்கள். 1978இல் ஒரே இரவில் வாகனங்கள் பக்கம் மாறிய கதையைச் சொன்னபோது, மினிகாப் வாடகைக் கார் ஓடுகிற ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒரு ராத்திரியிலையோ? ஒருத்தரும் முட்டுப்படேல்லையோ?"

"பெரிசா ஒண்டும் இல்லை எண்டுதான் வாசிச்சனான்."

"எங்கடை ஆக்கள் எண்டால் பாதிப்பேர் அடுத்த கிழமைதான் மாறுவினம். மிச்சப்பேர் எதிர்ப்புக் கூட்டம் வைப்பினம்."

சிரிப்பு. அந்த அறையில் நாஹா என் கையில் இருந்தது. ஓரக்கண்ணால் சகலனைப் பார்த்தேன். அவர் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து சர்க்கரைக் கட்டி ஒன்றை விரல்களுக்குள் உருட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அது நன்றாக இருந்தது.

அப்போதுதான் படம் திடீரென்று ஒருபக்கம் சாய்ந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருக்க, திரையில் ஒரு சப்பாத்து, ஈரக் கல், சுவரின் ஒரு துண்டு, வானம், மறுபடி சப்பாத்து. ஊஞ்சல் மாதிரி ஆடியது.

"இது தவறி வந்தது" என்றார் வீடியோக்காரர் அவசரமாக. "கமராவை நிப்பாட்டாமல் தோளிலை போட்டிருக்கிறார். பாட்டு முடியேல்லை, அதாலைதான் வெட்டாமல் விட்டனான். ஓட்டி விடுங்கோ."

மச்சாள் றிமோட்டை எடுத்தாள்.

"விடும்! ஓட்டாதையும்!"

இவ்வளவு சத்தமாகச் சொல்லுவேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை. குழந்தை ஒன்று வடையைக் கீழே போட்டது. மச்சாளின் கை அந்தரத்தில் நின்றது.

அது அந்த இறக்கம். ஒழுங்கில்லாத அளவுகளில் வெட்டிப் பொருத்திய கற்கள், இரண்டு பக்கமும் பாசி பிடித்த மதில். எந்த நூலிலும் அது இப்படி இருந்ததில்லை. நூல்களில் அது வெயிலில் காய்ந்து, ஆளில்லாமல், நேராக நிற்கும். இங்கே மழை. கற்களுக்கு இடையில் தண்ணீர் ஓடியது. நான் தலையை வலப்பக்கம் சாய்த்துப் பார்த்தேன். திரும்பியபோது அறையில் இருந்த அத்தனை பேரும் வலப்பக்கம் சாய்ந்திருந்தார்கள். படம் ஒருமுறை பலமாகக் குலுங்கியது. பிறகு ரோஜா இதழ்கள் வந்து மூடிவிட்டன. ‘சுபம்.’

கைதட்டினார்கள். வீடியோக்காரர் எழும்பி வந்து என் கையைப் பிடித்தார். "அண்ணை, நல்லாச் சொன்னியள். நீங்கள் எந்த வருஷம் போனனீங்கள்?"

நான் வாயைத் திறப்பதற்கு முன் மனைவி சொன்னாள். "இவர் போகேல்லை."

"என்ன?"

"போகேல்லை. இவர் ரெய்னர்ஸ் லேனை விட்டுப் போன ஆகக் கூடின தூரம் இந்த வீடுதான்."

மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு அல்ல. மினிகாப்காரர், "அப்ப போனவர் ஆர், போகாதவர் ஆர் எண்டு எனக்கு விளங்கேல்லை" என்றார். அதற்கும் சிரித்தார்கள். சகலன் எழும்பி, கார்ச் சாவியை எடுத்தார்.

"வாங்கோ அண்ணை, ஸ்டேஷனிலை விடுறன்."

மழை தூறத் தொடங்கியிருந்தது. காரில் மனைவி பின்னால், நான் முன்னால். ஸ்டேஷனுக்கு வெளியே நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், வைப்பர் ஓடிக்கொண்டிருக்க, அவர் கண்ணாடியைப் பார்த்தபடி பேசினார்.

"அண்ணை, ரெண்டு கிழமையும் நான் பாத்தது பம்பு அறையும் ஹோட்டல் அறையும்தான். அந்த ஒரு ஞாயிறு மட்டும்தான் வெளிக்கிட்டனான். நீங்கள் சொன்னதாலைதான் போனனான், இல்லாட்டி நித்திரை கொண்டிருப்பன். இண்டைக்கு எல்லாருக்கும் நான் காட்டவேணும் எண்டு இருந்தனான். இப்ப, நான் போகவேயில்லை எண்ட மாதிரிக் கிடக்கு."

பின்னால் மனைவி குடையைத் தேடி எடுத்தாள்.

"பரவாயில்லை" என்றார். "அது உங்கடை ஊர்தான். இனி அதைப் பற்றி நான் கதைக்கேல்லை."

நான் கேட்க விரும்பியது இதைத்தான் என்று அதற்கு முந்திய இரண்டு மாதமும் நினைத்திருந்தேன். அவர் அதைச் சாவியைப் போல நீட்டிவிட்டார். நான் வாங்கவில்லை, மறுக்கவும் இல்லை. வேறொன்றுதான் வாயில் வந்தது.

"அந்தக் கல்லு இறக்கத்திலை படம் ஒருக்காக் குலுங்கினதே. என்ன நடந்தது?"

"அதோ? வழுக்கினது."

"வழுக்குமோ?"

"ஐயோ, மழையெண்டால் சவர்க்காரம் மாதிரி! விழப் பாத்தனான். ஒரு மனிசி பிடிச்சவ. வயசான மனிசி, மரக்கறிப் பையோடை ஏறி வந்தவ. கையைப் பிடிச்சுக் கீழ்மட்டும் கூட்டிக்கொண்டு வந்தவ. ஏதோ சொல்லிக்கொண்டு வந்தவ, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. ஏன், புத்தகத்திலை அது இல்லையோ?"

"இல்லை" என்றேன்.

இருந்ததில்லை. அந்தக் கல் எந்த நூற்றாண்டில் பாவப்பட்டது, எந்த மன்னன் காலம், போருக்குப் பிறகு எவ்வளவு மிஞ்சியது, எல்லாம் எனக்குத் தெரியும். அது வழுக்கும் என்று யாரும் எழுதவில்லை. அந்த அம்மா அவரிடம் சொன்னதையும் வீடியோக்காரர் பாட்டுப் போட்டு அழித்துவிட்டார். ஸ்டேஷன் மேடையில் ரயிலுக்கு நின்றபோது மனைவி, "பாவம் அந்த மனிசன்" என்றாள். ஓம் என்றேன். ஆனால் நான் நினைத்துக்கொண்டிருந்தது அவர் விழப் பார்த்த அந்தக் கணத்தை. நாஹா அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. என் வயிறு எரிந்தது. அதற்கு முன் எரிந்ததெல்லாம் ஒன்றுமில்லை என்று தோன்றியது.

1996இல் பாஸ்போட் வந்தது. ஒப்பந்தத்தை நினைவூட்டினேன். அந்த வருடம் ரொறன்ரோவில் மனைவியின் ஒன்றுவிட்ட தம்பிக்குக் கலியாணம். அடுத்த வருடம் சூரிக். அதற்கடுத்தது மறுபடி ரொறன்ரோ. போகாமல் விட முடியாத பயணங்கள். தொண்ணூறுகள் அப்படியே முடிந்தன.

அந்தக் கசெற்றின் ஒரு கொப்பியை வீடியோக்காரரிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். குத்துவிளக்கு, இதழ்கள், பன்றி முகம் எல்லாவற்றையும் ஓட்டிவிட்டு, இறக்கம் வரும் இடத்தில் சத்தத்தைக் குறைத்துப் பார்ப்பேன். சகலன் தன் சொல்லைக் காப்பாற்றினார்; அதற்குப் பிறகு அந்த ஊரைப் பற்றித் தானாக வாய் திறக்கவில்லை. நான்தான் ஒவ்வொரு கலியாணத்திலும், சாப்பாட்டு வரிசையில் அவர் பக்கத்தில் போய் நின்று கேட்பேன்.

"அண்டைக்கு வழுக்கினது எந்தக் கால்?"

"அண்ணை, அதெல்லாம் ஆருக்கு ஞாபகம்?" என்பார், தட்டை நீட்டிக்கொண்டு.

அவருக்கு ஞாபகமில்லை. இடது கால். கசெற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் எனக்குத் தெரியும், ஆனால் வழுக்கியது என்னுடைய கால் இல்லை.